அண்ணாந்து குடித்த எலிகள்

ஆய்வகத்தில் அவளுக்கு எலியம்மா என்று பேர். கிண்டலாக ஆரம்பித்தது, நாளடைவில் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து போன் செய்கிறவர்கள்கூட, "எலியம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். "எலியம்மாதான் பேசறேன்" என்பாள் அவளும். கால்நடை மருத்துவம் படித்தவள். கூடப் படித்தவர்களெல்லாம் நாய்க்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் மனிதர்களின் முதுகுவலிக்கு எலியிடம் விடை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் தேடிய விடை முதுகெலும்பின் பின்பக்கத்தில் இருந்தது. ஓர் எலும்பின் மேல் இன்னோர் எலும்பு உட்காரும் இடத்தில் முன்னால் டிஸ்க் இருக்கிறது. அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பின்னால், இடதும் வலதுமாக, விரல்நுனி அளவில் இரண்டு மூட்டுகள் இருக்கின்றன. அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. முழங்கால் தேய்வதுபோலவே அவையும் தேயும். குருத்தெலும்பு நைந்து, எலும்போடு எலும்பு உரச ஆரம்பித்தால் வலி உயிரை எடுத்துவிடும்.

அதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் அதே நோயுள்ள ஒரு பிராணி வேண்டும். மனிதருக்குத் தேய்வதுபோலத் தேய்ந்து, மனிதருக்கு வலிப்பதுபோல வலித்தால்தான் அதன்மேல் சோதித்த மருந்தை நம்பலாம். ஆய்வகத்தில் இதற்கு, அதாவது மனித நோய்க்கு மாடலாக நிற்கும் எலிக்கு, ‘எலி மாதிரி’ என்று பெயர். அவள் முதன்முதலாக வீட்டில் இந்தச் சொல்லைச் சொன்னபோது அண்ணி தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எலி மாதிரின்னா? எலி மாதிரி நீங்கல்லாம் ஓடுவீங்களா?"

"இல்ல அண்ணி. மனுஷன் மாதிரி எலி."

"எங்கிட்ட எலி மாதிரி மனுஷன் ஒருத்தர் இருக்காரு. டப்பாவைத் திறந்தா பிஸ்கெட் இருக்கறதில்ல. உங்கண்ணனையே கூட்டிட்டுப் போயேன்."

அண்ணன் உள் அறையிலிருந்து இருமினார்.

அவள் அந்த வீட்டின் மாடி அறையில் இருந்தாள். கீழே முன்னறை முழுக்க அண்ணியின் திரைச்சீலைத் துணிகள். அளவெடுத்து, தைத்து, வீடு வீடாகப் போய் ஏணியில் ஏறி மாட்டிக் கொடுப்பதுவரை அண்ணியின் வேலை. இரண்டு வருடமாக அண்ணிக்கு இடுப்புக்கு மேலே ஒரு வலி. ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் நன்றாக இருந்தது. டாக்டர் குனியச் சொன்னார். அண்ணி குனிந்து தரையையே தொட்டுக் காட்டினாள். "இவ்வளவு நல்லா குனியறீங்க, அப்புறம் என்ன?" என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு அண்ணி முதுகைப் பிடித்துக்கொண்டால் அண்ணன், "ஆரம்பிச்சிட்டியா" என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். அண்ணிக்கு முகம் சுருங்கிவிடும்.

ஆய்வகத்திலும் ஏறக்குறைய இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது.

எலியம்மா மயக்க மருந்து கொடுத்து, எலியின் முதுகெலும்பு மூட்டுக்குள் முடி மாதிரி மெல்லிய ஊசியால், குருத்தெலும்பை அரிக்கிற ஒரு துளி மருந்தைச் செலுத்துவாள். சில வாரங்களில் குருத்தெலும்பு தேய்ந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் மனித மூட்டின் தேய்மானமேதான்: வழவழவென்று இருக்க வேண்டிய இடம் பழைய துண்டுபோல நார் நாராகக் கிழிந்திருக்கும். அதுவரை எல்லாம் சரி. வலியில்தான் வந்து மாட்டிக்கொண்டது. எலிக்கு வலிக்கிறதா என்று பார்க்க வழக்கமான முறை ஒன்று உண்டு. கம்பி வலைமேல் எலியை விட்டு, கீழேயிருந்து மெல்லிய இழையால் உள்ளங்காலில் குத்துவார்கள். வலியுள்ள எலி சட்டென்று காலை இழுத்துக்கொள்ளும். இவளுடைய எலிகளோ நோயில்லாத எலிகளைப்போலவே நிதானமாகக் காலைத் தூக்கின. எத்தனை முறை செய்தாலும் அதேதான்.

பேராசிரியர் மோசமான மனிதர் அல்ல. அவசரக்காரர், அவ்வளவுதான்.

"மூட்டு தேஞ்சிருக்கு, ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா வலியே இல்லாத எலிக்கு வலி மருந்தைக் குடுத்து என்னத்தை கண்டுபிடிக்கப் போறோம்? நீ இதுல வருஷக்கணக்கா உழைச்சிருக்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அடுத்த குழுக் கூட்டத்துல இதை மூடிடலாம்னு சொல்லப் போறேன். முழங்கால் பிரிவுல உனக்கு இடம் இருக்கு."

"வலி இல்லாம எப்படி சார் இருக்கும்?"

"எலிகிட்ட கேளு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் புதுக் கூண்டுகள் வந்து இறங்கின. பழையவை தாழ்ந்து நெருக்கமாக இருந்தன. புதியவை உயரமானவை, எலிகள் ஏறி விளையாட நடுவில் தட்டு வைத்தவை. எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் போனது. விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்த அம்மாவுக்குப் ‘பூட்டு டாக்டர்’ என்று பேர். ஏதாவது ஒரு கூண்டில் சின்னச் சந்தேகம் வந்தாலும் அறையைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டுவிடுவார். யாருக்கும் தயவு காட்ட மாட்டார். எலிகளுக்கு மட்டும் காட்டுவார். ஒருமுறை இயக்குநரையே வாசலில் நிற்க வைத்தவர்.

"உங்க எலிங்க இளைக்குது" என்றார்.

"எல்லாமேவா டாக்டர்?"

"மூட்டுல மருந்து போட்டதுங்க மட்டும். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக சும்மா உப்புத் தண்ணி ஊசி போட்டதுங்க கொழுகொழுன்னு இருக்கு. என்ன நடக்குது?"

"தெரியல டாக்டர்."

"தெரியலன்னா தெரியற வரைக்கும் ஒரு வேலையும் வேண்டாம்." சாவி பைக்குள் போனது.

செய்தி பேராசிரியருக்கு எட்டியதும் அவர் பெருமூச்சு விட்டார். மூடுவதற்கு இன்னொரு காரணம் தானாக வந்து சேர்ந்துவிட்டது. எலியம்மா அவருடன் வாதாடவில்லை. நேராகப் பூட்டு டாக்டரிடம் திரும்பிப் போனாள்.

"தொட மாட்டேன் டாக்டர். ஊசி இல்ல, சோதனை இல்ல. ஒரு முக்காலி போட்டு உக்காந்து பாக்கறேன். அது மட்டும் விடுங்க."

பூட்டு டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பேசக்கூடாது" என்று மட்டும் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அறையில் காற்றோட்ட மிஷினின் ஓசை தவிர வேறு சத்தமில்லை. எலிகள் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் சுறுசுறுப்பாகத் திரிந்துகொண்டிருந்தன. முதல் கூண்டில் நோயில்லாத எலி. அது தண்ணீர்க் குழாயடிக்கு வந்தது, பின்னங்காலில் எழுந்தது, உடம்பை வில்லாக வளைத்து முகத்தை மேலே தூக்கி ‘சப் சப்’ என்று குடித்தது, இறங்கி மீசையைத் துடைத்துக்கொண்டு போனது. கடைத்தெருவில் சோடா குடித்துவிட்டுப் போகிற ஆள்போல.

பக்கத்துக் கூண்டில் மூட்டுத் தேய்ந்த எலி. அதுவும் குழாயடிக்கு வந்தது. மேலே பார்த்தது. சுவரில் முன்னங்காலை வைத்தது. பாதி எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல இறங்கிக்கொண்டது. கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடியும் வந்தது, மறுபடியும் பாதி. கடைசியில் குழாயிலிருந்து சுவரில் வழிந்திருந்த ஈரத்தை நக்கிக்கொண்டது. அதற்கடுத்த கூண்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

புதுக் கூண்டில் தண்ணீர்க் குழாய் உயரத்தில் இருந்தது. பழைய கூண்டில் நின்ற இடத்திலேயே குடிக்கலாம். இங்கே அண்ணாந்துதான் குடிக்க வேண்டும்.

இதை அவள் அன்று காலையில்தான் பார்த்திருந்தாள், எலியிடத்தில் அல்ல. அண்ணி பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து வாயில் ஊற்றப் போய், பாதியில் நிறுத்தி, டம்ளரில் ஊற்றிக் குடித்தாள்.

"டாக்டர், குழாயைக் கீழ இறக்கணும். இப்பவே."

"பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"தாகமா இருக்கு அதுங்களுக்கு. நோய் இல்ல. எட்டல."

பூட்டு டாக்டர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து ஒவ்வொரு கூண்டிலும் தரையோடு ஒட்டி இன்னொரு குழாயை மாட்டினார்கள். எலிகள் முட்டி மோதிக்கொண்டு வந்து குடித்தன. குடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பூட்டு டாக்டர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஒரு வாரமா தவிச்சிருக்குங்க போலிருக்கு. கூண்டு வாங்கினது நான்தான்" என்றார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து எலியம்மா கேட்டதில்லை.

அன்று மாலை அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் போய் நின்றாள்.

"அண்ணி, எழுந்திரிங்க. கொஞ்சம் பின்னால வளைங்க."

"எதுக்கு? சர்க்கஸ்ல சேத்து விடப் போறியா?"

"சும்மா வளைங்க அண்ணி."

அண்ணி சிரித்துக்கொண்டே எழுந்து, இடுப்பில் கையை வைத்துப் பின்னால் சாய்ந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கை தானாக முதுகுக்குப் போனது. "அங்கதான்... அங்கதான் பிடிக்குது" என்றாள். திரைச்சீலை மாட்ட ஏணியில் நின்று மேலே பார்க்கும்போதெல்லாம் இப்படித்தான் என்றாள்.

"டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவரு குனியத்தானே சொன்னாரு. குனிஞ்சேன். பின்னால வளைன்னு யாரும் சொல்லலியே."

வாசலில் நின்றிருந்த அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து அண்ணி உட்காருவதற்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஆரம்பிச்சிட்டியா என்ற சொல்லை அந்த வீட்டில் அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

குனிந்தால் அந்த மூட்டுகள் விரிந்து கொடுக்கும். பின்னால் வளைந்தால் ஒன்றோடொன்று அழுந்தும். வலி இருந்த இடம் முதுகு. எல்லோரும் குத்திப் பார்த்ததோ எலியின் பாதம். இல்லாத இடத்தில் தேடிவிட்டு, இல்லை என்று தீர்ப்பு எழுதியிருந்தார்கள். மாடிப்படி ஏறும்போது எலியம்மாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் பேராசிரியர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசனை. ஆனா எலி எழுந்து நிக்காததுக்கு நூறு காரணம் இருக்கலாம். சோர்வா இருக்கலாம். பயமா இருக்கலாம். அந்த மூட்டுதான்னு எப்படிச் சொல்லுவ?"

"அந்த மூட்டை மட்டும் மரத்துப் போக வைப்பேன் சார். மரத்த உடனே எழுந்து நின்னா, தடுத்தது அந்த வலிதான்."

பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கூட்டம் வரைக்கும் நேரம் தர்றேன். பூட்டு டாக்டர் ஒத்துக்கிட்டா."

பூட்டு டாக்டர் ஒரே நிபந்தனை போட்டார். "தாகத்தை வச்சு எந்தச் சோதனையும் கிடையாது. நடந்தது தெரியாம நடந்தது. தெரிஞ்சு செய்ய விடமாட்டேன்."

எலியம்மா இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்திருந்தாள். தண்ணீர் கீழேயே, வேண்டிய மட்டும் இருக்கும். மேலே உயரத்தில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பாள். எலிக்கு இனிப்பென்றால் உயிர். குடித்தாலும் சரி, விட்டாலும் சரி, எதுவும் குறைந்துவிடாது. ஆசைப்பட்டும் எழ முடியவில்லை என்றால், அந்த முடியாமையைத்தான் அளக்க வேண்டும். கேட்டதும் பூட்டு டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "உங்க யோசனை எலிக்கும் பிடிக்கும்" என்றார்.

மரப்பு மருந்தை அவரே கலந்தார். சிவப்பு மூடியிட்ட குப்பி ஒன்று, நீல மூடியிட்ட குப்பி ஒன்று. ஒன்றில் மரப்பு மருந்து, ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர். எது எதில் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து ஊசி போட்டால் கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும் என்பது எலியம்மாவின் பயம்.

சோதனை நாளன்று காலையில் பேராசிரியரும் வந்துவிட்டார். கூண்டுகளுக்கு எதிரே மூன்று முக்காலிகள். எலியம்மா சில எலிகளுக்குச் சிவப்புக் குப்பியிலிருந்தும் சிலவற்றுக்கு நீலக் குப்பியிலிருந்தும் ஊசி போட்டு, வாலில் அதே நிறத்தில் கோடு போட்டு, மயக்கம் தெளிந்ததும் ஒவ்வொன்றையும் நடக்கவிட்டுப் பார்த்தாள். எதற்கும் கால் தளரவில்லை; மருந்து மூட்டைத் தாண்டிப் பரவவில்லை. பிறகு கூண்டில் விட்டாள்.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. எலிகள் மூலையில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தன. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு, சிவப்புக் கோடு போட்ட வாலுடன் ஓர் எலி, குழாயடிக்கு வந்தது. மேலே முகர்ந்தது. சுவரில் முன்னங்காலை வைத்தது. பாதி எழுந்து நின்றது. மூன்று பேரும் மூச்சை அடக்கினார்கள். எலி அங்கேயே தயங்கியது. வலி வரும் என்று காத்திருந்ததுபோல இருந்தது. வரவில்லை. மெல்ல மெல்ல நிமிர்ந்தது. முதுகு வளைந்தது. தலை மேலே போனது. அண்ணாந்து, குழாயைக் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தது.

"குடிக்குது" என்றார் பேராசிரியர், தன்னையறியாமல் கிசுகிசுப்பாக.

அடுத்த கூண்டில் இன்னொரு சிவப்பு வால் எழுந்தது. அதற்கடுத்ததில் நீல வால் பாதி எழுந்து இறங்கிக்கொண்டது. மறுபடி ஒரு சிவப்பு வால் நிமிர்ந்து நின்றது. ஒன்று குடித்து முடித்துவிட்டு இறங்கவே மனமில்லாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது. மற்ற நீல வால்கள் ஆசையோடு மேலே பார்த்துவிட்டுக் கீழேயிருந்த சாதாரணத் தண்ணீரை நக்கின.

எலியம்மா பூட்டு டாக்டரைப் பார்த்தாள். "டாக்டர்?"

"சிவப்புலதான் மரப்பு மருந்து" என்றார் அவர்.

யாரும் கை தட்டவில்லை, கத்தவுமில்லை. பேராசிரியர் முக்காலியிலிருந்து எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எலியம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து முகக்கவசத்தை நனைத்தது. மரப்பு வடிந்து தீர்ந்த பிறகு அதே எலிகள் மறுபடியும் பாதியோடு இறங்கிக்கொண்டன. அதுவே கடைசி அத்தாட்சியாக இருந்தது. பேராசிரியர் போகும்போது, "கூட்டத்துல நான் பேச மாட்டேன். நீ பேசு" என்றார்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, எந்த எலி குறைவாக எழுந்ததோ அதன் மூட்டுதான் அதிகம் தேய்ந்திருந்தது. பாதத்தில் குத்திப் பார்த்து உதவாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு மருந்துக் கூழை எடுத்து மறுபடி கொடுத்தார்கள்; அதை மூட்டுக்குள் வைத்த எலிகள் வாரக்கணக்கில் அண்ணாந்து குடித்தன. எலியம்மா அண்ணியை வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் பின்னால் வளையச் சொன்னார். அந்த மூட்டின் நரம்பை மரக்கச் செய்து, வலி சட்டென்று நிற்பதைப் பார்த்து, நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். முழுக்கக் குணமாக இன்னும் காலம் பிடிக்கும் என்றார். அண்ணிக்கு அந்தப் பெயரே பாதி மருந்தாக இருந்தது. வாடிக்கையாளர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

குழுக் கூட்டத்துக்கு வெளியூர் ஆய்வகங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பெரிய கூடம், கடைசி வரிசைவரை தலைகள். முதலில் பேராசிரியர் எழுந்தார். "இந்த ஆய்வை மூடச் சொன்னவன் நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எலியம்மா திரையில் அந்த எலியின் படத்தை ஓடவிட்டாள். பாதி எழுந்து, தயங்கி, பிறகு நிமிர்ந்து அது குடித்தபோது, கூடம் முழுக்க ஒரே சமயத்தில் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. அப்புறம் எழுந்த கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பூட்டு டாக்டர் முதல் வரிசையில் எழுந்து நின்று தட்டினார்.

கேள்வி நேரத்தில் இயக்குநர் கையைத் தூக்கினார். கூர்மையான மனிதர், எளிதில் விடமாட்டார்.

"அற்புதமா இருக்கு. ஆனா எலியோட மூட்டு கடுகு அளவு. மனுஷனுக்குப் போடற ஊசி அதுக்குள்ள போகாது. பெரிய பிராணி ஒண்ணுல செஞ்சு பாத்தாதான் மருந்து மனுஷன்கிட்ட போகும். பெரிய பிராணியில எது எழுந்து நின்னு அண்ணாந்து பாக்கும்? நாம வழக்கமா சோதிக்கற செம்மறியாடு தலையைக் குனிஞ்சுதானே மேயும்."

எலியம்மா ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள்.

"வெள்ளாடு சார்" என்றாள். "வேலி ஓரமா மரம் இருந்தா விடுமா அது? ரெண்டு கால்ல எழுந்து நின்னு, அண்ணாந்து, மேல இருக்கற இலையாத்தான் பாத்துப் பறிக்கும்."

ஒரு கணம் சிரிப்பு கூடத்தைக் குலுக்கியது. பிறகு அது ஓய்ந்தது. வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. பேனாக்கள் எழுத ஆரம்பித்தன. இயக்குநரும் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து நிமிர்ந்து, "எத்தனை ஆடு வேணும்?" என்று கேட்டார்.